அலையாத்திக் காட்டுக்குக் கிளம்பும் வாழவந்தி நாட்டுக் குடும்பங்களுக்கு



அரையாண்டு லீவு விட்டதும் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, வேன் பேசிப் பிச்சாவரம் போகும் பேச்சு செம்மேட்டுக் கடைத்தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. விடியும் முன்னே மலை இறங்குவது, சிதம்பரத்தில் நடராஜரைக் கும்பிடுவது, சாப்பிட்டுவிட்டுப் படகில் ஒரு சுற்று, பொழுது சாய்ந்ததும் திரும்புவது என்று திட்டம். கடற்கரைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்ததே நல்லது. ஆனால் அந்தத் திட்டத்தில் படகுக்கு விட்டிருக்கும் நேரம் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. உச்சி வெயிலில் போய் இறங்கி, மோட்டார் படகில் ஏறி, அகலமான கால்வாயில் வேகமாகப் போய்விட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினால் அந்தக் காட்டைப் பார்த்ததாக ஆகாது. படகு ஏறுவது நம் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. வாசலூர்பட்டிப் படகு இல்லத்தில் ஏறியவர்கள்தான். பிச்சாவரத்தில் இருப்பது வேறு.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: படகை முதலில் வையுங்கள், கோயிலைச் சாயங்காலத்துக்கு வையுங்கள். எப்படியும் கோயில் நடை மதியம் சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகில் ஏறுங்கள். காலை நேரம் முழுவதையும் அந்த வாய்க்கால்களுக்குக் கொடுங்கள். எல்லோருக்கும் சொல்லக்கூடிய யோசனைதான் இது. நமக்கு மட்டும் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது.

நம் கொல்லிமலையில் பெய்யும் மழை கடைசியில் எங்கே போகிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆகாய கங்கை அருவி வரைக்கும் சொல்வார்கள். அதற்குக் கீழே புளியஞ்சோலை என்று ஒன்றிரண்டு பேர் சொல்லலாம். அந்த வழியாக வரும் அய்யாறு சமவெளியில் இறங்கிக் காவிரியோடு சேர்கிறது. காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வெள்ளக் காலத்துத் தண்ணீரில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு வடகிளையாகப் போகும் கொள்ளிடம், அணைக்கரை தாண்டிச் சிதம்பரத்துக்குத் தெற்கே கடலில் விழுகிறது. இது ஒரு வழி.

இன்னொரு வழி கிழக்குச் சரிவில் இருக்கிறது. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கில் இறங்கும் ஓடைகள் சேர்ந்துதான் சுவேத நதி. தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் என்று போய், வசிஷ்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிறது. தொழுதூர், திட்டக்குடி கடந்து, கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. முள்ளுக்குறிச்சிப் பாதையில் இறங்கித் தம்மம்பட்டி வழியாக வேன் போனால், அன்றைய பயணத்தில் பாதிக்கு மேல் இந்த ஆற்றை விட்டும் தொட்டும்தான் போவீர்கள். பாலம் வரும்போதெல்லாம் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பல இடத்தில் மணலும் முள்ளும்தான் தெரியும். அதையும் பார்க்கட்டும்.

வடக்கே வெள்ளாற்று முகத்துவாரம், தெற்கே கொள்ளிட முகத்துவாரம். இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் பிச்சாவரம். மேற்கே விழுந்தாலும் கிழக்கே விழுந்தாலும் நம் மலைத் தண்ணீர் அந்தக் காட்டின் ஏதோ ஒரு பக்கத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அதை நம்முடையது என்று உரிமை கொண்டாடச் சொல்லவில்லை. பச்சைமலையும் கல்வராயனும் சித்தேரியும் வெள்ளாற்றுக்குத் தண்ணீர் தருகின்றன. காவிரிக்கோ குடகில் இருந்தே வருகிறது. ஆனால் கொடுப்பவர்களில் நாமும் இருக்கிறோம். நாம் கொடுப்பது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்காமலே ஒரு தலைமுறை மலையில் வாழ்ந்து முடிப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

அங்கே போனதும் மலைப் பிள்ளைக்கு முதலில் காட்ட வேண்டியது தண்ணீர் போகும் திசை. நம் ஓடைகள் எல்லாம் மேட்டில் இருந்து பள்ளத்துக்கு ஒரே பக்கமாக ஓடுகின்றன. அது மாறும் என்று நம் பிள்ளைகள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். பிச்சாவரத்தில் ஒரே வாய்க்காலில் காலையில் தண்ணீர் கடலைப் பார்த்துப் போகும். சில மணி நேரம் கழித்து அதே வாய்க்காலில் காட்டுக்குள் ஏறி வரும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை வற்றம். இன்றைக்கு வந்த நேரத்துக்கே நாளைக்கும் வராது. நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி அதிகமாக ஏறி அதிகமாக வற்றும், அட்டமி வாக்கில் குறைவாக இருக்கும். நம் கிழக்குக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அந்த ஒரு மீட்டருக்குள் இருக்கும் உயரத்தில்தான் அந்தக் காடு முழுவதும் உயிர் வாழ்கிறது.

படகு நின்றிருக்கும்போது ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். எங்கள் வீட்டில் சின்னவள் அப்படிப் போட்ட இலை முதலில் போகாமல் நின்றது. ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் நேரம் அது. கொஞ்ச நேரத்தில் மெல்லத் திரும்பிக் கடல் பக்கம் நகர்ந்தது. "ஓடை தூங்கி எழுந்திரிக்குதா?" என்று கேட்டாள். படகுக்கார அண்ணன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இலை வளைவில் மறையும்வரை படகை நிறுத்தி வைத்தார். மோட்டார் படகில் இதற்கு வழியே இல்லை.

பாய்மரப் படகு உண்டா என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள், புத்தகத்தில் படம் பார்த்திருப்பார்கள். அங்கே துடுப்புதான். வாய்க்கால்கள் குறுகல், இரண்டு கரையிலும் மரம் காற்றை மறித்து நிற்கும். பாய் விரித்தால் காற்றும் கிடைக்காது, திருப்ப இடமும் இருக்காது. தண்ணீர் வற்றிய நேரத்தில் துடுப்பு வீசவும் ஆழம் போதாது; நீளக் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். சில இடத்தில் படகுக்காரர் இறங்கியே தள்ள வேண்டியிருக்கும். ஏற்ற நேரத்திலோ கிளைகள் தலையைத் தட்டும், எல்லோரும் குனிய வேண்டும். அதனால் ஏறும் முன்பு "அண்ணே, இப்ப ஏத்தமா வத்தமா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். என்ன பார்க்கப் போகிறோம் என்பதே அந்தப் பதிலைப் பொறுத்தது. வற்றத்தில் வேரைப் பார்க்கலாம், சேற்றைப் பார்க்கலாம், சேற்றில் இருக்கும் உயிர்களைப் பார்க்கலாம். ஏற்றத்தில் குறுகிய வாய்க்கால்களுக்குள் ஆழமாகப் போகலாம்.

சுரபுன்னை மரத்துக்கு நடுமரத்தில் இருந்தே வேர்கள் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றியிருக்கும். மரம் கால் பரப்பி நிற்பது தெரியும். அதன் விதை மரத்திலேயே முளைத்து, சின்ன முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும்; முற்றியதும் கீழே விழுந்து சேற்றில் குத்தி நின்றாலும் வேர் விடும், தண்ணீரோடு போனாலும் வேறொரு கரையில் ஒதுங்கி வேர் விடும். பிள்ளைகளுக்குப் பிடுங்கி விளையாடத் தோன்றும். பிடுங்க விடாதீர்கள். அது காய் இல்லை, கன்று.

கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்பதெல்லாம் பெரும்பாலும் வெண்கண்டல். அதைச் சுற்றிச் சேற்றுக்கு மேலே விரல் நீளத்தில் குச்சி குச்சியாக நிமிர்ந்திருப்பவை மூச்சு விடும் வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. இந்த மரம் உப்புத் தண்ணீரைக் குடித்து, மிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். படகுக்காரர் ஒரு இலையைப் பறித்துக் கொடுத்தால் வெயிலில் பிடித்துப் பாருங்கள், மேலே பொடியாக மினுங்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆனால் அவர் கொடுக்கும் இலையை மட்டும் தொடுங்கள். தில்லை மரமும் அங்கே உண்டு, சிதம்பரம் கோயிலுக்குத் தலமரமே அதுதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நம் காட்டில் எந்தச் செடியைத் தொடக்கூடாது என்று நாம் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறோம் இல்லையா, அங்கே நாம் வெளியூர்க்காரர்கள்.

பறவைகளைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. மார்கழி, தை மாதங்களில் நிறைய வரும். சத்தம் போடாமல் போனால் தானே தெரியும். மீன்கொத்தியை நம் பிள்ளைகளுக்குத் தெரியும், கொக்கும் தெரியும். சேற்றில் தவழ்ந்து துள்ளும் அந்தச் சிறு மீனும், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த சின்ன ஆண் நண்டும்தான் அவர்களுக்குப் புதிது. அந்த நண்டு தன் பெரிய கொடுக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். படகு சத்தமில்லாமல் கிட்டே போனால்தான் பார்க்க முடியும். கொஞ்சம் அசைந்தாலும் வளைக்குள் போய்விடும்.

ஆழத்தை நினைத்துப் பயப்படும் பாட்டிமார் நம்மில் நிறையப் பேர். கடலையே பார்த்திராதவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்லுங்கள்: பெரும்பாலான வாய்க்கால்களில் தண்ணீர் அவ்வளவு ஆழமில்லை. பயப்பட வேண்டியது சேற்றுக்கு. கால் புதைந்தால் எடுப்பது கஷ்டம். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி கையைக் கத்தி மாதிரி கிழிக்கும். அதனால் கையைப் படகுக்கு வெளியே நீட்டி வேரைப் பிடிக்கக் கூடாது. மிதவைச் சட்டையைப் பெரியவர்களும் போட வேண்டும், கரையிலேயே போட்டு வாரை இறுக்கிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைக்குப் பொருந்தும் சட்டை இல்லை என்றால், அந்தக் குழந்தையோடு ஒருவர் கரையில் இருப்பதுதான் நல்லது. செல்ஃபிக்காகப் படகில் எழுந்து நிற்க வேண்டாம். முகத்துவாரம் வரைக்கும் கூட்டிப் போங்கள், அந்தக் கிளைக்கு அடியில் நுழையுங்கள் என்று கூடுதல் காசு காட்டி வற்புறுத்தவும் வேண்டாம். எங்கே போகலாம், எங்கே கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

மார்கழி என்பதால் இன்னொன்று. புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், வேனுக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் சரி. 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது டிசம்பர் 30-ஆம் தேதி. சரியாக அரையாண்டு லீவில்.

அதே லீவு நாட்களில்தான் 2004 டிசம்பர் 26-ஆம் தேதியும் வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை சுனாமி வந்தபோது நம்மில் பலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பிச்சாவரத்தில் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டுகளில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு போன்ற மீனவர் குடியிருப்புகளை அலை அடித்துக்கொண்டு போனது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அடுத்த ஆண்டு சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு கடலூர் மாவட்டக் கரையை எடுத்துக்கொண்டு, மரங்கள் அடர்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் அழிவு குறைந்திருந்ததைக் காட்டியது. ஊர் எவ்வளவு மேட்டில் இருந்தது, கடலுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், முழுப் புகழையும் மரத்துக்கே கொடுக்கக் கூடாது என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அலை வந்த காலையில் அந்த மரங்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மரம் என்னவாக இருந்தது என்பதை அங்கே யாரிடமும் கேட்கலாம். கேட்பதானால் மெதுவாகக் கேளுங்கள். துடுப்புப் போடுகிறவர் அந்த நாளில் யாரையாவது இழந்தவராக இருக்கக்கூடும். அவராகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நம்மோடு சேர்த்துப் பேச வேண்டிய ஆட்கள் அங்கே இன்னொரு கூட்டமும் இருக்கிறார்கள், இருளர்கள். பழங்குடிப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறது, அவர்கள் பெயரும் இருக்கிறது. நமக்கு மலை, அவர்களுக்கு அந்தக் கழிமுகம். கழுத்தளவு தண்ணீரிலும் இடுப்பளவு சேற்றிலும் இறங்கி, வலை இல்லாமல் கையாலேயே துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பனை ஓலைப் பறியில் போட்டுக்கொள்வார்கள். ஆணும் பெண்ணுமாக வரிசையாக நகர்வதைப் படகில் இருந்து பார்த்தால் போட்டோ எடுக்கக் கை பரபரக்கும். நம் பெண்கள் களை எடுக்கும்போது ரோட்டில் கார் நிறுத்திப் போட்டோ எடுக்கிறவர்களைப் பற்றி நாம் என்ன பேசிக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். அவர்கள் தண்ணீரில் இருக்கும்போது படகைக் கொஞ்சம் தள்ளி ஓட்டச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு கயிறு ஏற்கெனவே இருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு விதைகளைக் காப்பாற்றச் சொல்லி நம் மலையில் பல ஆண்டுகள் வேலை செய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்திலும் வேலை செய்தது. இங்கே நம் பாட்டிமார் வீட்டில் இருந்த விதையைத் தேடி வந்தார்கள். அங்கே ஏன் காடு செத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கிப் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அந்தப் பள்ளத்தில் தேங்கிக் காய்ந்தது. உப்பு ஏறிக்கொண்டே போனது. விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. விறகு பொறுக்கியும் மாடு மேய்த்தும் காட்டை அழித்தார்கள் என்று அதுவரை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மேல்தான் பழி. இப்படிப்பட்ட பழி நமக்கும் பழக்கமானதுதான்.

பிறகு ஊர்க்காரர்களும் வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதில் இருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன் முள் வடிவத்தில். தேங்கிய தண்ணீர் ஏறி இறங்கத் தொடங்கியது, உப்பு குறைந்தது, கன்று நட்டார்கள், வந்தது. அந்த இடங்களில் இன்றைக்கு நிற்பது காடு. வரிசையாக ஒரே உயரத்தில் மரங்களும் நேராக வெட்டிய வாய்க்காலும் தெரிந்தால், இது மனிதர்கள் திரும்ப வளர்த்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2022-இல் ராம்சர் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பிச்சாவரத்தை அறிவித்தார்கள், 1,479 ஹெக்டேர். அதில் அந்த ஊர்க்காரர்களின் மண்வெட்டிக்கும் பங்கு உண்டு.

வாய்க்கால் வெட்டினால் கடல் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே விடலாம், ஆற்றுத் தண்ணீரை வரவழைக்க முடியாது. அலையாத்தி மரம் உப்பில் வாழ்ந்தாலும் அதற்கு நல்ல தண்ணீரும் வேண்டும். கன்று வேர் பிடிக்கும் பருவத்தில் மிகவும் வேண்டும். ஆற்று நீர் வந்து உப்பைத் தணித்தால்தான் பலவகை மரமும் நிற்கும், இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளரும். ஐப்பசி கார்த்திகை மழையில் சில வாரம் வெள்ளமாக வருகிறது, மற்ற மாதங்களில் மிகக் குறைவு. இடையில் எத்தனை அணைக்கட்டு, எத்தனை ஏரி, எத்தனை போர்க்குழாய். அதெல்லாம் சோறு போடும் தண்ணீர், குறை சொல்ல முடியாது. கொள்ளிடத்துத் தண்ணீர் அணைக்கரையில் இருந்து வீராணம் போய், அங்கிருந்து சென்னைக்குக் குடிக்கவும் போகிறது. எல்லோரும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது காட்டுக்கு. பிச்சாவரத்தில் உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டலே பெரும்பகுதியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் பார்த்துவிட்டு மலை ஏறி வந்தால் நம் சரிவு வேறு மாதிரி கண்ணில் படும். சேகோ ஆலைகளுக்காகச் சாமைக் காட்டை எல்லாம் குச்சிக்கிழங்குக் காடாக மாற்றினோம். பணம் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், அதை மறுக்கவில்லை. கிழங்கு பிடுங்கிப் புரட்டிப்போட்ட சரிவில் ஒரு பெருமழை பெய்தால் ஓடை செம்மண்ணாகப் போவதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே நாளில் ஓடிப்போகும் தண்ணீர் பங்குனியில் ஊற்றுக்கு உதவாது, ஆற்றுக்கும் உதவாது. நம் நிலத்தில் ஒரு கல்வரப்பு போட்டால் பிச்சாவரத்தில் மரம் தழைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். வழியில் உள்ள அத்தனை பேரையும் தாண்டி அது போய்ச் சேரப் போவதில்லை. ஆனால் கல்வரப்பு போடுவதும், ஊற்றுக்கு மேலே இருக்கும் சோலையை வெட்டாமல் விடுவதும், சரிவில் பாதியிலாவது சாமையோ காப்பியோ மிளகோ நிற்பதும் முதலில் நமக்கே நல்லது. அது கடலோரம் வரைக்கும் யாருக்கோ நல்லது என்று தெரிந்து செய்வதில் ஒரு நிறைவு இருக்கிறது.

பிளாஸ்டிக் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. ஆடி 18-க்கு அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டு ஆகாய கங்கையில் குளிக்க வரும் கூட்டம் போன பிறகு அந்தப் படிகளில் என்ன கிடக்கிறது என்று நமக்குத் தெரியும். 2019 ஜனவரியில் இருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை, இருந்தும் கிடக்கிறது. அய்யாற்றில் விழுந்தது கடைசியில் எங்கே போகும் என்பதற்கு மேலே வழி சொல்லியிருக்கிறேன். நாம் விருந்தாளியாகப் போகும் இடத்தில் நம் கையில் இருந்து ஒரு தின்பண்டப் பொட்டலம்கூடத் தண்ணீரில் விழக் கூடாது. சில்வர் பாட்டிலில் தண்ணீர், தூக்குவாளியில் கட்டுச்சோறு, துணிப்பையில் மலைவாழை. ஒரு சீப்பைப் படகுக்கார அண்ணனுக்கும் கொடுங்கள். அவர் நம் மலையைப் பற்றிக் கேட்பார். சொல்லுங்கள், வாழவந்தி நாடு என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

போகும் வழி எளிது. சிதம்பரத்தில் இருந்து கிள்ளை வழியாக ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில்தான் டிக்கெட் கொடுப்பார்கள். லீவு நாளில் கூட்டம் சேர்ந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். காலையில் முதல் படகுகளில் ஏறுவதாக வைத்துக்கொண்டால்தான் நான் சொன்ன எதையும் பார்க்க முடியும். அதற்கு முந்தின நாள் மதியமே மலை இறங்கி, ராத்திரி சிதம்பரத்தில் தங்க வேண்டும். தங்கும் செலவு கூடும், தெரியும். குடும்பத்துக்கு ஒரு அறை என்று எடுக்காமல் நாலு குடும்பமும் சேர்ந்து கூடமாக எடுத்தால் கட்டுப்படியாகும்.

கோயில் வாசலில் பொம்மை வாங்கும் காசைக் குறைத்தாவது அந்த ஒரு ராத்திரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தாய்மாரை எல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தாத்தா பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்களுக்கு முன் இருக்கையும் ஒரு மிதவைச் சட்டையும் கொடுத்து, மெதுவாகப் போகச் சொல்லி, துடுப்புப் படகிலேயே கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
செம்மேடு, வாழவந்தி நாடு